கிளிசரால் மட்டும்

எடுக்க வேண்டும். எடுத்துப் பின்கதவு வழியாகக் கொண்டுபோய் மண்கலவைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும், ஒரே ஒரு வரிசை, கையளவு பிளாஸ்டிக் தொட்டிகள், ட்ரேயில் அடுக்கினால் ஒரு நடையில் முடிந்துபோகும், இதற்கு ஒருத்தி இவ்வளவு நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக் குடிலுக்குள் சூடு ஈரத் துணிபோல முகத்தில் ஒட்டுகிறது. மூலையில் கூலரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சொட்டுவது போதாதென்று அதன் மோட்டார் நடுநடுவே தொண்டையைச் செருமுகிறது, யாரோ வந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கப் பார்க்கிறேன். யாரும் வரவில்லை. ஆய்வுக் குழுவினர் விருந்தினர் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பேராசிரியருக்காக வஞ்சிரம் வறுவல் என்று ஞானதுரை அண்ணன் சொன்னார். வஞ்சிரத்துக்கு முள் குறைவு, சீக்கிரம் சாப்பிட்டுவிடுவார்கள், கெண்டையாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். சாப்பிட்டு, பீடா போட்டு, என் ஆய்வு வழிகாட்டி வசுந்தரா மேடம் முன்னால் நடக்க, நேராக இங்கே வருவார்கள். இந்தத் தொட்டிகளைப் பார்ப்பார்கள். தலையாட்டினால் நான் ஆய்வேடு எழுத உட்காரலாம், டாக்டர் பட்டத்துக்கு அதுதான் கடைசிக் கதவு. ஆட்டாவிட்டால் இன்னொரு வருடம், இன்னொரு வருடமென்றால் வீட்டில் அதை எப்படி, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். வரிசையை நினை. முதல் வரிசைக்குத் தெளித்தது வெறும் தண்ணீர், அதனால் நெல் நாற்று முழுக்கக் குலைநோய், இலையெங்கும் கண்கண்ணாகப் புள்ளிகள், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு, பார்க்கிறவரைத் திரும்பிப் பார்க்கிற கண்கள். இரண்டாவது வரிசைக்குக் கடையில் விற்கும் மருந்து. மூன்றாவதற்கு எங்கள் மருந்து, நம்ம மருந்து என்றுதான் மேடம் சொல்வார், மண்ணிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாவின் கரைசல், அதில் புள்ளி அங்கொன்று இங்கொன்று. நாலாவது வரிசை என்னுடையது. யாரும் போடச் சொல்லாதது. அதிலும் புள்ளி அங்கொன்று இங்கொன்று. நாலாவது வரிசையில் பாக்டீரியாவே கிடையாது.

நாலாவது வரிசைக்கு நான் தெளித்தது கிளிசரால். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் என்று கொடுப்பார்களே, உதடு வெடித்தால் தடவுவது, அதே சாமான்தான், நிறமில்லாமல், வழவழவென்று, நாக்கில் வைத்தால் இனிப்பாக. தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து தெளித்தேன், வேறு ஒன்றும் இல்லை. பாக்டீரியாவை பாட்டிலில் அடைத்து வைத்தால் செத்துப்போகும், சாகாமலிருக்க எங்கள் கரைசலில் கிளிசரால் ஊற்றுவோம். எனக்கு வெகு முன்னால் யாரோ ஒரு மாணவர் ஊற்ற ஆரம்பித்தார், பாக்டீரியா மாதக்கணக்கில் உயிரோடு கிடந்தது, அன்றிலிருந்து எல்லோரும் ஊற்றுகிறோம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வரிசைக்கு மட்டும் அன்றும் தண்ணீர், இன்றும் தண்ணீர். கிளிசரால் வருவதற்கு முன்பு எழுதிய ஆய்வேட்டில் தண்ணீர் என்று இருந்தது, அதைப் பார்த்து அடுத்தவர் தண்ணீர் தெளித்தார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். நோயைத் தடுத்தது பாக்டீரியாவா, அது மிதந்துகொண்டிருந்த கிளிசராலா என்று கேட்க வேண்டுமானால் கிளிசராலை மட்டும் தெளித்து ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையை ஒருவரும் வைக்கவில்லை. எத்தனை பேர், எத்தனை பட்டம், எத்தனை பொன்னாடை. நானும் வைத்திருக்க மாட்டேன், நான் கெட்டிக்காரி இல்லை, பயந்தவள். காஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுகிறவள். ஒரு கட்டுரையில் படித்தேன், இலைக்குள் போகும் கிளிசராலில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, அந்தப் புது உரு இலையை உசுப்பிவிடுகிறது, எதிரி வருகிறான் என்று ஒரு இலை மற்ற இலைகளுக்கு முன்கூட்டியே சொல்லத் தொடங்குகிறது. படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூடினோமா, மூடவில்லையா. பார்த்துவிட்டால் நிம்மதி என்று ஓரமாகச் சில தொட்டிகள் வைத்தேன். பார்த்தேன். நிம்மதி போயிற்று. தப்பாகத் தெளித்திருப்பேன் என்று மறுபடி வைத்தேன், அதற்கு மேலும் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அந்த இலைகள் சுத்தமாக நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்து இளித்தன. இவ்வளவு ஆரோக்கியமான இலைகளை நான் இவ்வளவு வெறுத்ததில்லை. ஒரு புள்ளி போடு, நாயே, இன்னும் ஒரு நாலு புள்ளி போட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்.

காலையில் மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், முன்பே எடுத்து ஒளித்திருக்கலாம், ஒளிக்கும்போது யாராவது பார்த்தால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில்தான் சொன்னேன், அதை உண்மை பேசினேன் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா தெரியவில்லை. மேடம் சீப்பை வாயில் கடித்தபடி கொண்டை போட்டுக்கொண்டிருந்தார், இன்றைக்குப் பட்டுப்புடவை, மாம்பழ நிறம். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவர் கை தலையிலேயே நின்றுவிட்டது. நின்றதைப் பார்த்தேன். அது எனக்கு முக்கியம், அவருக்கு உடனே புரிந்துவிட்டது, புரியாதவர் மாதிரிப் பேசியது அதற்குப் பிறகுதான். யார் கேட்டா உன்னை என்றார். உனக்கு என் மேல் என்ன கோபம் என்றார். ஒரு கம்பெனி கையெழுத்துப் போட வருகிற நேரத்தில், அடுத்த போகத்துக்கு விவசாயிகள் கைக்குப் போகப்போகிற சரக்கில், ஒரு நோஞ்சான் ட்ரேயை வைத்துக்கொண்டு சந்தேகம் கிளப்புகிறாயா, தெளிப்பானைச் சரியாகக் கழுவினாயா, உன் கை சுத்தமா, நீ எந்த ஸ்கூலில் படித்தாய். எந்த ஸ்கூல் என்பதற்கும் தெளிப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அழுகை கோபத்தில்தான் வரும், அதை யாரும் நம்புவதில்லை. மேடம் சீப்பை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கிளிசரின் போடாமயே நல்லா அழறியே, அஞ்சுகம். சினிமாவுக்குப் போயிருக்கலாம் நீ." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்த நாலாவது வரிசையை எடுத்துடு. கமிட்டி வர்றப்ப மூணுதான் இருக்கணும்."

மூணுதான் இருக்கணும். மூன்று இருந்தால் ஒரு கதை, நான்கு இருந்தால் அதற்கு நேர் எதிர்க் கதை. இங்கே இது புதிதில்லை, குழு வருவதற்கு முன்னால் வாடிய தொட்டியை மாற்றி நல்ல தொட்டி வைப்பது எல்லோரும் செய்வது, கல்யாண வீட்டில் ஓட்டை நாற்காலியைப் பின்வரிசைக்குத் தள்ளுவதுபோல, நானே ஞானதுரை அண்ணனுக்காகத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது வாடிய தொட்டி இல்லை, நல்ல தொட்டி. நன்றாக இருப்பதற்காக ஒளித்துவைக்கப்படும் தொட்டி. எழுந்திரு. எழுந்திருக்கிறேன். முதல் வரிசைப் பக்கம் போகிறேன், ஏன் அந்தப் பக்கம் போகிறேன், ட்ரே இந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். புள்ளியின் நடுச் சாம்பலை நகத்தால் தொட்டால் இலையின் மறுபக்கம் தெரிகிறது. இந்தத் துளையைப் போட்டதும் கிளிசரால்தான். அதுதான் என்னைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. பூஞ்சாணத்தின் வித்து ஒன்று இலையில் விழுகிறது, ஒட்டிக்கொள்கிறது, சிறு குழாய் நீட்டி அதன் நுனியைக் குமிழாக உப்பவைக்கிறது. குமிழைச் சுற்றிக் கறுப்பு பூசிக்கொள்கிறது. பிறகு தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் உடைத்து உள்ளே கிளிசரால் ஆக்குகிறது, கிளிசரால் தண்ணீரை உள்ளே இழுக்கிறது, கறுப்புச் சுவர் கிளிசராலை வெளியே விடுவதில்லை, வீங்குகிறது, வீங்குகிறது, லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்கு, கண்ணுக்கே தெரியாத அந்தக் குமிழுக்குள். அடியிலிருந்து ஒரு முள் கிளம்புகிறது. இலை உடைகிறது. கடை மருந்து செய்வதெல்லாம் அந்தக் கறுப்பைப் பூச விடாமல் செய்வதுதான், கறுப்பு இல்லையென்றால் கிளிசரால் கசிந்துவிடும், குமிழ் சப்பையாகக் கிடக்கும். இதை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள், நான் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குத் தொழுதூர்ப் பக்கம் பைபாஸில் பஞ்சர் கடை. லாரி டயருக்குக் காற்று ஏற்றும்போது எங்களைக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போகச் சொல்வார். ஒரு நாள் டயரைச் சக்கரத்தோடு பிடித்துவைக்கும் இரும்பு ரிங்கு தெறித்தது. அப்பா மேல் படவில்லை, கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது, சத்தம் முடிந்த பிறகும் அப்பா உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார், கையில் காற்றுக் குழாய் பாம்புபோலத் துள்ளிக்கொண்டிருந்தது, அவர் காது மடலை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எது வீங்கினாலும் நான் தள்ளிப் போய் நிற்பேன், பலூன், பால் பாக்கெட், மேடத்தின் மௌனம்.

மேடம்தான் பூஞ்சாணம் என்று நினைக்கச் சுகமாக இருக்கிறது. கறுப்புப் பூசிக்கொண்டு, ஒட்டிக்கொண்டு. நினைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூஞ்சாணம் யாரிடமும் எடுத்துடு என்று சொல்வதில்லை, தன் கொழுப்பைத் தானே கரைக்கிறது, பாவம், அதற்கு மாணவிகள் கிடையாது. இந்தப் பக்கம் கிளிசரால் இலையை உடைக்கிறது, அந்தப் பக்கம் அதே கிளிசரால் இலையை விழிக்கவைக்கிறது. இன்னொரு பூஞ்சாணம் இலையின் சொந்தக் கிளிசராலையே உறிஞ்சித் தின்று வளருமாம். யாருக்கு வேலைசெய்கிறது இது. யாருக்கும் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு. அளவு மிஞ்சினால் காப்பாற்ற வந்த இலையையே கருக்கும், அதையும் ஒரு தொட்டியில் பார்த்தேன். அடுத்த போகத்தில் இதைத் தெளிக்கப்போகிறவர் அளவைப் பாக்டீரியாவுக்காகப் பார்ப்பாரா, கிளிசராலுக்காகப் பார்ப்பாரா. பாட்டிலில் பாக்டீரியா என்றுதான் அச்சடித்திருக்கும். கொஞ்சம் கூட்டி ஊற்றினால் நல்லதுதானே என்று ஊற்றுவார். யாருமே அப்படித்தான் ஊற்றுவார்கள். நானாக இருந்தாலும்.

கதவு சத்தம். அவர்கள்தான் என்று ட்ரே பக்கம் ஓடினேன், ஞானதுரை அண்ணன். என் ஆய்வகத்திலேயே எனக்கு மூத்தவர், மேடத்திடம் ஏழாவது வருடம், அவருடைய ஆய்வேடும் தண்ணீர் வரிசையை நம்பித்தான் நிற்கிறது. வாயில் பல்குச்சி. பாயசம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். நாலாவது வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்குச்சியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினார். இன்னும் எடுக்கலையா என்று கேட்கவில்லை. தேன்மொழியை ஞாபகம் இருக்கா என்றுதான் கேட்டார். எப்படி இல்லாமல் போகும். நான் சேர்ந்த வருடம் தேன்மொழி அக்காவுக்கு இங்கே கடைசி வருடம். மேடத்தோடு ஒரு படத்துக்காக, ஒரே ஒரு வரைபடத்துக்காகச் சண்டை போட்டார். மேடம் கத்தவில்லை, திட்டவில்லை, அக்காவின் அத்தியாயங்களை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார், வைத்துக்கொண்டே இருந்தார். படிக்கிறேன் என்பார், பார்க்கிறேன் என்பார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மேடம் அந்த வழியாகப் போகும்போது சாப்பிட்டியா என்று பிரியமாகக் கேட்பார். ஒரு நாள் பெஞ்ச் காலியாக இருந்தது. இப்போது பெண்ணாடத்தில் உரக் கடையில் பில் போடுகிறாராம். அண்ணனுக்கு இதைச் சொல்ல வேறு நேரமே கிடைக்கவில்லை. "பாரு அஞ்சு, நான் உன்னை மிரட்டல. நீ கிளிசரால்னு வாயத் தொறந்தா உன்னோடது மட்டும் போகாது, என்னோடதும் போவும், எனக்கு முன்னாடி வாங்கிட்டுப் போன அத்தன பேரோடதும் நாறும். அப்பறம் உனக்கு யாரு இந்த ஊருல தண்ணி குடுப்பா." சொல்லிவிட்டு என் தோளைப் பார்த்து, தொடவில்லை, வேணும்னா நான் தூக்கவா என்றார். வேணாண்ணே, நானே எடுத்துக்கறேன் என்றேன். என் வாய்தான் சொன்னது. அவர் போய்விட்டார். அவரை வெறுக்கிறேன், அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதற்காக வெறுக்கிறேன்.

ட்ரேயை எடுக்கிறேன். முதல் தொட்டி. அடியில் பாசி வழுக்குகிறது, ஈர மண் விரலிடுக்கில் ஏறுகிறது. இரண்டாவது. இந்தப் படிப்பு என்னவென்று வீட்டில் யாருக்கும் இன்றுவரை சரியாகத் தெரியாது. டாக்டர் என்றுதான் அம்மா தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள். போன பொங்கலுக்கு அத்தை கேட்டாள், நெல்லுக்கு ஊசி எங்கடி போடுவ, தண்டுலயா கதுருலயா, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, எனக்காகக் கோபப்பட்டு, பயிருக்கும் சீக்கு வரும் தெரியுமா உனக்கு என்று அத்தையிடம் எகிறினார். இன்று காலை போனில் முடிஞ்சிடுமாம்மா என்றார். முடிஞ்சிடும்ப்பா. எது முடிந்துவிடும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது தொட்டி. எடுப்பதால் என்ன. தொட்டியை எடுத்தால் உண்மை அழிந்தா போய்விடும், பின்பக்கம் வெயிலில் இருக்கப்போகிறது, பட்டம் வாங்கிய பிறகு தனியாக, என் பெயரில், வேறு ஊரில் மறுபடி வைத்துக் காட்டலாம். காட்டுவேனா. பட்டம் வாங்கியவர்கள் யாராவது காட்டியிருக்கிறார்களா. அப்போது அந்தப் பட்டமே தண்ணீர் வரிசையால் வந்ததாக இருக்கும், அதை உதைத்துக்கொண்டு எப்படி நிற்பது. எடுக்காவிட்டால் மட்டும் நான் என்ன பெரிய, யாருக்கு வேண்டும் இந்த நாலாவது வரிசை. யாரும் கேட்கவில்லையே, யார் கேட்டா உன்னை. நாலாவது தொட்டி, ஐந்தாவது. ட்ரேயில் பாதி, மேடையில் பாதி. கூலர் தொண்டையைச் செருமுகிறது, நான் திரும்பவில்லை, பல முறை ஏமாந்தாயிற்று. என் கையிலிருந்த தொட்டியின் இலை ஒன்றில் ஒரே ஒரு புள்ளி. வளராத புள்ளி, ஊசிமுனை அளவு, பழுப்பாகி அங்கேயே செத்துவிட்டது. பூஞ்சாணம் உள்ளே வந்திருக்கிறது, இலை தன் உடம்பில் அந்த இடத்தைத் தானே சாகடித்து அதை அங்கேயே முடித்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. செருமியது கூலர் இல்லை.

மேடம் முதலில் உள்ளே வந்தார், பின்னால் வெளியூர்ப் பேராசிரியர் கோதண்டபாணி, அவருக்குப் பின்னால் குழுவில் இருக்கும் எங்கள் துறைக்காரர்கள் இருவர், கடைசியில் ஞானதுரை அண்ணன். மேடத்தின் கண் என் முகத்துக்கு வரவில்லை, நேராக ட்ரேக்குப் போய் அங்கிருந்து மேடைக்குப் போய்ப் பாதி வரிசையில் தங்கியது. குரல் மட்டும் மாறவே இல்லை. இது தண்ணீர் சார், இது கடை மருந்து, இது நம்ம மருந்து என்று விரலால் காட்டிக்கொண்டே போனார், மூன்றாவதோடு விரல் மடங்கிவிட்டது. கோதண்டபாணி சார் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார். அவருக்குச் சாப்பாடு கண்ணில் நின்றது. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதை மறைப்பதற்கில்லை, கையில் தொட்டியோடு அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன். திரும்பும்போது அவர் முழங்கை ட்ரேயில் இடித்தது. குனிந்து பார்த்தார். இது ஜோராக இருக்கிறதே, இது என்ன என்றார். மேடம் அது வேற ஸ்டூடண்ட்டோடது சார் என்று ஆரம்பித்தார், வாக்கியம் முடியவில்லை. "என்னோடது சார். கிளிசரால் மட்டும் தெளிச்சது. பாக்டீரியா இல்லாம." என் குரல் கீச்சென்று, பஸ்ஸில் சில்லறை கேட்கிறவளின் குரல்போல இருந்தது. தைரியத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் தெரிந்திருந்தது, தெரிந்த பதிலைச் சொல்லாமல் விட எனக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். 

கோதண்டபாணி சார் என் கையிலிருந்த தொட்டியை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூன்றாவது வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டு மயக்கம் முகத்திலிருந்து இறங்கிப்போவது தெரிந்தது. இத்தனை வருஷமா இந்த வரிசை இல்லாமயா ஓட்டினீங்க வசுந்தரா, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சாமானுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டுச் சிரித்தார். துறைக்காரர்கள் இருவரும் சிரிக்கலாமா என்று மேடத்தைப் பார்த்தார்கள். அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெஞ்ச் தெரிந்தது, வெளியே வராந்தாவில் இருக்கிற அந்த இரும்பு பெஞ்ச், அதில் நான் உட்கார்ந்திருப்பது, சாப்பிட்டியா என்ற குரல். இதோ, வீங்கியாயிற்று, இனி உடையப்போகிறது, கூப்பிடு தூரத்துக்கு ஓடக்கூட இடமில்லை. மேடம் சிரித்தார். முதலில் சிரித்தவரே அவர்தானோ என்று தோன்றும்படி சிரித்தார். "அதுக்குத்தானே சார் இந்த வரிசையைப் போடச் சொன்னேன். எனக்கு ரொம்ப நாளா உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். நல்லா வந்தப்பறம் உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தேன், இந்தப் பொண்ணு அவசரப்பட்டுட்டா." 

ஒரு முடிச்சும் தெரியாமல் சொன்னார். சொல்லும்போதே அது அவருக்கு உண்மையாகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், தலையில் நின்ற கை, சீப்பு, சினிமா எல்லாம் அவரிடமிருந்து கழன்று போய்க்கொண்டிருந்தது. கோதண்டபாணி சார் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை, சும்மா கேட்டார், மேடம் சொல்லித்தான் வெச்சியாம்மா என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் பார்த்தார், கெஞ்சலாக இல்லை, மிரட்டலாகவும் இல்லை, ஒரு நல்ல விலை சொல்லிவிட்டு எதிராளி தலையாட்டக் காத்திருப்பவரைப்போல. இலையைப் பற்றி உண்மை சொல்லியாயிற்று. அது நிற்கும். இனி யாரும் பாட்டிலில் பாக்டீரியா என்று மட்டும் அச்சடிக்க முடியாது, தெளிக்கிறவருக்கு அளவு தெரிந்துவிடும். மீதி இருப்பது யார் வைத்தார்கள் என்பது மட்டும்தான். அது இலைக்குத் தேவையில்லை. அது எனக்கு மட்டும்தான் தேவை. தேவையா. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இந்த அறையில் ஒரு பேராசிரியர் பொய்க்காரி, நான் பெஞ்ச். கோதண்டபாணி சாரைப் பார்த்துச் சொன்னேன். "ஆமா சார்."

பேஷ் என்றார் அவர். இதை ஒரு அத்தியாயமாகவே வை, இதுதான் உன் ஆய்வேட்டிலேயே உருப்படியான அத்தியாயம், எழுத ஆரம்பி என்றார். துறைக்காரர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷமா என்று தேடிப் பார்த்தேன், இருந்தது, அசிங்கமாக, நிறையவே இருந்தது. மேடம் என் தோளில் கை வைத்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவை. வளையல் குளிர்ந்து கழுத்தில் பட்டது. "எல்லாத்தையும் வரிசைல வெச்சு லேபிள் குத்திடு, டி-ஃபோர்னு போடு. டீக்கு வந்துடு, ஆறிடப்போவுது." கையை உடனே எடுக்கவில்லை. கோதண்டபாணி சாரிடம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தபடி நின்றார், சொந்தக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. அவர்கள் போனார்கள். ஞானதுரை அண்ணன் கடைசியாகப் போனார், வாசலில் நின்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், அது பாராட்டா, காறித் துப்பலா என்று எனக்குப் புரியவில்லை. ட்ரேயிலிருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக மேடைக்குத் திருப்பினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியை எடுத்து மார்க்கரால் டி-ஃபோர் என்று எழுதினேன், கீழே கிளிசரால் மட்டும் என்று எழுதினேன். அதற்குக் கீழே வரிசையை யோசித்து வைத்தவரின் முதலெழுத்தைப் போடுவது எங்கள் ஆய்வக வழக்கம். வ என்று போட்டேன். நன்றாக, தடித்து, நடுங்காத கையெழுத்தில் விழுந்தது.